பில் வராத போன்

சாமியப்பன் பனியன் கம்பெனி வாசலில் வேலை நேரம் எட்டரை மணி என்று போர்டு தொங்கியது. அது சுத்தப் பொய். குன்னத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு விடியற்காலை ஐந்தரைக்கு, வேனில் ஏறும்போதே வேலை ஆரம்பித்துவிடும். பதினெட்டுப் பேர் உட்காரும் வேனில் நாற்பது பேர். ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் விலாவில், சாப்பாட்டு வாளி மூன்றாமவளின் முழங்காலில். பின்கதவின் தாழ் உடைந்து ஏழு மாதமாயிற்று. பனியன் வேஸ்ட் துணியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கடைசியாக ஏறுகிறவர் வேலம்பாளையத்தில் கம்பெனி வாசல் வரைக்கும் அந்தத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். கை மரத்துப் போகும். ஷிப்மென்ட் நேரம் என்றால் அதே கையோடு ஏழு மணிக்கு மிஷினில் உட்கார வேண்டும்.

ரோஸ்மேரி ஓவர்லாக் டெய்லர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினொரு வருடம். புருஷன் ஜெபக்குமாருக்கு அதே கம்பெனியில் அயர்ன் வேலை. இருவரும் ஒரே வேனில்தான் வருவார்கள், ஆனால் உள்ளே திணிகிற திணிப்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது.

அன்று வேனுக்குள் பேச்செல்லாம் பேப்பரில் வந்த ஒரு லட்ச ரூபாய் காரைப் பற்றித்தான். ஸ்கூட்டரில் போகிறவனெல்லாம் இனிமேல் காரில் போவான் என்று ஒருவன் சொன்னான். ரோடு தாங்காது என்றான் இன்னொருவன். மதுரைப் பக்கத்துக்காரரான கட்டிங் மாஸ்டர் மூக்கையா, "காரு கெடக்கட்டும்ப்பா. மொதல்ல இந்த வேனுக்கு ஒரு கதவு வருமான்னு பேப்பர்ல போட்டுருக்கானா பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெருமாநல்லூரைத் தாண்டி ஒரு வளைவில் வேன் திரும்பியதும் துணி பிய்ந்தது. கடைசியில் பிடித்துக்கொண்டு நின்ற பழனியம்மாள் கதவு திறந்துகொள்ள ரோட்டில் போய் விழுந்தாள். ஐம்பது வயதுக்காரி, பிசிறு வெட்டுகிறவள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

கம்பெனி வேனில் வரும்போது விழுந்தாள் என்று கம்பெனி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், இ.எஸ்.ஐ.யில் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். முதலாளி சாமியப்பன் எழுதவில்லை. அவள் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார். பழனியம்மாள் பெரியாஸ்பத்திரி வராண்டாவில் பாயில் கிடந்தாள். ரோஸ்மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, கம்பெனி கொடுத்த செல்லிலேயே சங்க ஆபீசைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அந்தச் செல்லின் கதையையும் சொல்லியாக வேண்டும். போன ஆயுத பூஜைக்குப் பொரி கடலையோடு ஆளுக்கொரு செல்போன் கொடுத்தார் சாமியப்பன். தங்களுக்குள் பேசினால் இலவசம். வெளியே பேசினாலும் மாதம் ஐம்பது ரூபாய் வரை கம்பெனியே கட்டிவிடும். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். செக்கிங் பார்க்கும் உள்ளூர்க்காரி அமராவதி, மிஷினுக்கு வைத்த கையோடு செல்லுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். காதில் வைத்தால் மூளை சூடாகும் என்று மூக்கையா பயமுறுத்தினார். கரண்ட் போனால் டார்ச் அடிக்கலாமே, அது ஒன்று போதாதா என்றார்கள் பெண்கள். இத்தனை பேசியவர்களில் ஒருவர்கூட அந்த பில் யார் கைக்குப் போகிறது என்று கேட்கவில்லை. பீஸ் ரேட்டில் பழகிய புத்தி அது. துணுக்குக்குத் துணுக்கு எண்ணினால் அதற்குக் கூலி உண்டு, கூலியில்லாத சமாச்சாரத்தை எவன் உட்கார்ந்து எண்ணப்போகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ரோஸ்மேரியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஏசி ரூம். மேஜைமேல் இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளத் தாளில் செல்போன் பில், வரிவரியாக நம்பர். சில வரிகளில் மஞ்சள் மை. சாமியப்பன் குரலை உயர்த்துகிறவர் இல்லை. கழுத்தை அறுக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்.

"ஏனுங்க அம்மிணி, சங்க ஆபீசுக்குப் பதினாலு நிமிசம் பேசியிருக்கறீங்க. அத்தனை நேரம் பேச என்னங்க இருக்குது?"

"பழனியம்மாக்கா வேன்ல இருந்து விழுந்தத சொன்னேன் சார்."

"அவிங்க ஊட்டுப் படியில உழுந்தாங்க. வேன்ல உழுந்தாங்கன்னு நான் எழுதிக் குடுத்தா, வண்டிக்குப் பர்மிட் எங்கீன்னு கேப்பாங்க. எதுக்குங்க அந்த வம்பு?" தாளைத் திருப்பினார். "இது ராஜபாளையத்து நம்பருங்க. வாரத்துல ரெண்டு வாட்டி கூப்புடறீங்க. யாருன்னு தெரியோணுமேன்னு நானே போன் போட்டுப் பாத்தனுங்க. உங்க தங்கச்சி ரொம்ப மரியாதையாப் பேசுனாங்க. அக்கா ஊட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க."

ரோஸ்மேரியின் தங்கை ஜெசிந்தா நான்கு வருடத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அவளோடு பேச்சு வைத்துக்கொண்டால் நீயும் அங்கேயே போய்விடு என்று அன்றைக்கு ஜெபக்குமார் சாப்பிட்ட தட்டை விசிறியடித்துச் சொன்னான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுத்ததில்லை. முதலாளி இன்னொரு தாளை நீட்டினார். பழனியம்மாள் அன்று வேனில் வரவேயில்லை என்று அதில் எழுதியிருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் அந்த பில் தாள் டிராயருக்குள் போய்விடும், போடாவிட்டால் ஜெபக்குமார் கைக்குப் போகும் என்றார். நாளைக்குச் சொல்லுதேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்து எட்டுப் பீஸில் பனியன் கையை வலம் இடமாக மாற்றித் தைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் அமராவதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள். ரோஸ்மேரி விஷயத்தைச் சொன்னபோதும் அவள் தலை நிமிரவில்லை.

"நானும் நேத்தே கையெழுத்துப் போட்டுட்டன் ரோசு. பஞ்சாயத்துல தீத்து உட்டாங்கல்லொ, அந்தப் புருசங்கூட நான் பேசறன்னு அந்தத் தாள்ல இருக்குது. என்ற அண்ணனுக்குத் தெரிஞ்சா வெட்டிப்போடுவான்."

ஒன்பது பெண்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒருத்தியை எதைக் காட்டி மிரட்டினார்கள் என்பது இன்னொருத்திக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் தன் மானம் மட்டும்தான் போகப்போகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை லேசாக முடித்துவிட்டான் பாவி. வேனுக்கு ஒரு தாழ் போட வக்கில்லை, வீட்டுக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று மஞ்சள் மை பூச மட்டும் நேரமிருக்கிறது. ரோஸ்மேரி பயந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் பயத்தைவிட அசிங்கமாக இருந்தது, தங்கையின் குரலை அந்த ஆள் கேட்டுவிட்டான் என்பது.

"ஊருக்கே தெரிஞ்ச விசயத்த வச்சு எவனும் மிரட்ட முடியாதுல்லாக்கா?" என்றாள். அமராவதி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

நாலு மணி டீக்கு மிஷின்கள் நின்றன. சாமியப்பன் வழக்கம்போலச் சுற்றிப் பார்க்க உள்ளே வந்தார். ரோஸ்மேரி எழுந்து நின்றாள். ஜெபக்குமார் பத்தடி தள்ளி, கையில் அயர்ன் பாக்ஸோடு நின்றிருந்தான்.

"எல்லாரும் கேளுங்க. நான் வாரத்துக்கு ரெண்டு நாளு என் தங்கச்சி ஜெசிந்தாட்ட பேசுதேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமத்தான் பேசுனேன். இனி தெரிஞ்சு பேசுவேன். நாங்க பேசுதத எல்லாம் மொதலாளி தாள்ல எடுத்து வச்சிருக்காரு. அதக் காட்டித்தான் பழனியம்மாக்கா வேன்ல வரலன்னு கையெழுத்துக் கேக்காரு. அவ வேன்ல இருந்துதான் விழுந்தா. நான் பாத்தேன்."

ஜெபக்குமார் அயர்ன் பாக்ஸை ஸ்டாண்டில் வைத்தான். முகம் இறுகியிருந்தது. 

அமராவதி எழுந்தாள். "தீத்து உட்ட என்ற புருசங்கூட நான் பேசறனுங்க. நேத்துப் போட்ட கையெழுத்து பொய்யிங்க. அந்தத் தாளைத் திருப்பிக் குடுங்க." அடுத்து, டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற மருதாள் எழுந்தாள். அவளுக்கு அடுத்தவளும் எழுந்தாள். ஒருத்தி டாக்டரோடு பேசியதைச் சொன்னாள், ஒருத்தி கல்யாணம் பேசிவைத்த பையனோடு பேசியதைச் சொன்னாள். யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. யாரும் கேட்காமலே மூக்கையாவும் எழுந்து, தான் மூன்று மாதமாக வேறு கம்பெனியில் வேலை கேட்டுப் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஹாலே சிரித்தது. அந்தக் கம்பெனியில் முதலாளி நிற்கும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். கூட்டிப் பார்த்தால் முப்பத்தொரு பேர் எழுந்து நின்றார்கள்.

சாமியப்பன் வாட்சைத் துடைத்துக்கொண்டார். "அப்படீங்களா. சரிங்க. நாளையிலிருந்து வேன் வராதுங்க. வேனே இல்லீன்னா யாரும் உழ மாட்டீங்க பாருங்க."

"நாங்க நடந்தே வர்றோம் சார்" என்றார் மூக்கையா. "உள்ள வரமாட்டோம். வாசல்ல உக்காந்துக்குவோம். பழனியம்மா விழுந்தத எழுதிக் குடுக்கற வரைக்கும்."

டீ நேரம் முடிந்து மணி அடித்தது. முப்பத்தொரு மிஷினும் மேஜையும் அப்படியே கிடந்தன. சந்தனப் பொட்டு வைத்த செல், வைக்காத செல் எல்லாவற்றையும் ஆபீஸ் மேஜையில் அடுக்கிவிட்டு வெளியே வந்தார்கள். வேலை போகலாம். மற்ற கம்பெனிகளுக்கும் தகவல் போகலாம். பழனியம்மாள் இன்னும் வராண்டாவில்தான் கிடக்கிறாள். இதெல்லாம் தெரிந்துதான் நடந்தார்கள்.

மெயின் ரோட்டு டீக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. ரோஸ்மேரி முதலில் சங்க ஆபீசைக் கூப்பிட்டு, காலை ஏழு மணிக்கு வாசலில் முப்பத்தொரு பேர் இருப்போம், வாருங்கள் என்றாள். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஜெபக்குமார் பின்னால் நின்றிருந்தான். டீ நேரத்திலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசாதவன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினான்.

"ராஜபாளையத்து நம்பர் மனசுல இருக்கா?"

"இருக்கு."

"போடு. அந்தாளு கூப்புட்டதுல பயந்து போயிருப்பா. நல்லாருக்காளான்னு கேளு."

ரோஸ்மேரி காசைப் போட்டாள். அவளுக்குப் பின்னால் அமராவதியும் மருதாளும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் ஆளுக்கொரு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.