அக்டோபர் அறிவிப்பு, ஆறாவது குறிப்பு

முப்பத்தொரு வருடமாக இந்தத் தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து மாதாமாதம் பெற்றோருக்கு அறிவிப்புத்தாள் எழுதுகிறவள் நான். பெயர் கிரெட்சன் லுண்ட். பிள்ளைகளுக்கு மிஸஸ் லுண்ட். பெற்றோர் என் காதுக்கு எட்டாத தூரத்தில் வேறு பெயர்களும் வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் தாள்தான் இருப்பதிலேயே நீளம். பொழுது சீக்கிரம் சாய்கிறது, பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற சட்டை போட்டு அனுப்புங்கள். மான் வேட்டை தொடங்கப்போகிறது, காட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு ஆரஞ்சு நிறத் தொப்பி கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை குளிர்கால நேரம் தொடங்குகிறது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ள மறக்காதீர்கள். ஹாலோவீன் ஊர்வலத்துக்குத் தைக்கும் வேஷம் குளிர்ச்சட்டைக்கு மேலே நுழைகிற மாதிரி தாராளமாக இருக்கட்டும், விஸ்கான்சின் குளிர் இளவரசி என்றெல்லாம் பார்க்காது. இப்படிப் பதினாலு குறிப்பு. கரடியாய்க் கத்தினாலும் யார் படிக்கிறார்கள்? ஊர்வலத்தன்று காலையில் ஒரு தகப்பன் போன் செய்து, "எத்தனை மணிக்குங்க ஊர்வலம்?" என்று கேட்டான்.

"தாள்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கேனே, ரெண்டு மணின்னு."

"எந்தத் தாளுங்க?"

போனை வைத்துவிட்டேன். பின்னே என்ன செய்வது?

ஆறாவது குறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். பின்னால் வருகிறவர் முகத்தில் கதவைச் சாத்துவது மகா பாவம். முன் கதவில் பூட்டு, கேமரா, அழைப்பு மணி எல்லாம் வைத்தாயிற்று. ஓட்டுநர் உரிமத்தைக் கேமராவில் காட்டினால்தான் நான் பொத்தானை அழுத்துவேன். ஆனால் ஒருத்திக்குத் திறந்தால் போதும், அவள் சிரித்துக்கொண்டே கதவைப் பிடித்து நிற்பாள், பின்னாலேயே ஏழு பேர் நுழைவார்கள். யார், எவர் என்று ஒரு கேள்வி கிடையாது. வாராவாரம் சண்டை போட்டு என் தொண்டைதான் வற்றியது. ஆகவே இந்த வருடம் இப்படி எழுதினேன்: "பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதி, காலையில் பெற்றோர் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டாம். படிவம், கடிதம், சட்ட ஆவணம் எதுவானாலும் பிள்ளையின் பையில் தினமும் வகுப்புக்கு வரும் சிவப்பு உறையில் வைத்து அனுப்பவும்." சட்ட ஆவணம் என்ற சொல் முதலில் இல்லை. படிக்க எடுப்பாக இருக்கட்டும் என்று கடைசியில் நானே சேர்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. திரையில் டேல் ஹாப்ட் நின்றான். ஒன்றாம் வகுப்பு வில்லாவின் அப்பா. அவனே இந்தப் பள்ளியில் படித்தவன்தான். வயிற்றுவலி என்று கணக்குப் பாடத்தின்போது என் அலுவலகத்துக்கு வந்து படுத்துக்கொள்ளும் பையனாக அவனை எனக்குத் தெரியும்.

"மிஸஸ் லுண்ட், எப்பிடி இருக்கீங்க? அப்பிடியே இருக்கீங்களே, வயசே ஏறலையே!"

"உனக்கு ஏறியிருக்கு. என்னடா விஷயம்?"

"வில்லாவக் கூட்டிட்டுப் போகணும். பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கு."

"இன்னிக்கா? முக்கால் மணி நேரத்துல ஊர்வலம். அதப் பாத்துட்டுப் போனா என்ன?"

"இதை விட்டா ஜனவரிலதான் இடம்னு சொல்றாங்க. என்ன செய்ய?"

சிரித்தபடியேதான் சொன்னான். ஆனால் ஹாலோவீன் அன்றைக்குப் பிள்ளையின் பல்லைக் காட்ட எந்தத் தகப்பனாவது வருவானா? கோடையிலிருந்தே அவனும் வில்லாவின் அம்மா கொரீனும் தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள் என்று கடையில் பேசிக்கொண்டது எனக்கும் தெரியும். அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு வில்லாவின் கோப்பை எடுத்தேன். அழைத்துப் போகலாம் என்ற பட்டியலில் இரண்டாவது பெயர் அவனுடையது. கொரீனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. வேறு ஒரு காகிதமும் அதில் இல்லை.

உள்ளறைக்குப் போய்க் கொரீனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் பாலாடைக்கட்டி ஆலையில் அதிகாலை நாலரைக்கு வேலைக்குள் போகிறவள். போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய விடுவார்கள். தகவல் விட்டேன். ஆலை அலுவலகத்துக்கு அடித்தேன். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள், பார்த்தால் சொல்கிறோம் என்றார்கள். பிறகு தலைமையாசிரியர் கெஸ்லரிடம் ஓடினேன். ஊர்வலத்துக்காக மனிதர் சோளக்கொல்லைப் பொம்மை வேஷத்தில் இருந்தார், காலரிலிருந்து வைக்கோல் பிதுங்கியது.

"வில்லாவக் கூட்டிட்டுப் போக டேல் வந்திருக்கான், எனக்கு மனசு ஒப்பலை. கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா?" என்றேன்.

"கோர்ட் காகிதம் ஏதாவது இருக்கா, கிரெட்சன்?"

"இல்லை."

"பட்டியல்ல பேரு?"

"இருக்கு."

"அப்போ பெத்த அப்பனைத் தடுக்க நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. போன வருஷம் வக்கீல் வந்து வகுப்பே எடுத்தாரே. அவன் உள்ளூர் போலீஸைக் கூப்பிட்டா, போலீஸும் பிள்ளையக் கொடுன்னுதான் நம்மகிட்ட சொல்லும்."

"வக்கீல் கெடக்கட்டும். பத்து நிமிஷம்..."

"எனக்கும் பிடிக்கலைதான். ஆனா கையில காகிதம் இல்லாம நான் என்னத்தச் செய்யட்டும்?"

அந்த ஆளைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் சொன்ன அத்தனையும் பெற்றோர் கையேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

முடிந்தவரை இழுத்தடித்தேன். உரிமத்தை இரண்டு தடவை நகல் எடுத்தேன். பேனா எழுதவில்லை என்று இன்னொன்று தேடினேன். டேல் கால் மேல் கால் போட்டு, ஒரு கோபமும் காட்டாமல் காத்திருந்தான். அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. கத்தியிருந்தால் அதையே சாக்காக வைத்து மாவட்டப் போலீஸை, ஷெரீஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டிருப்பேன்.

வில்லா வந்தாள். ஆந்தை வேஷம். குளிர்ச்சட்டைக்கு மேலே கம்பளித் துணியில் ஒவ்வொரு இறகாக வெட்டித் தைத்திருந்தது. ஷிஃப்டுக்குப் போகிறவளுக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம் கிடைத்ததோ.

"அப்பா! ஊர்வலம் பாக்க வந்தியா?"

"இல்ல குட்டி, நாம ஓரிடத்துக்குப் போறோம். வா."

"ஊர்வலம் முடிஞ்சப்புறம் போலாம்ப்பா. நான்தான் வரிசையில முதல் ஆளு. அம்மா வர்றேன்னு சொல்லியிருக்கா."

"அம்மாகிட்ட அப்பறமா காட்டலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் சொல்வது சரிதானா என்று இன்னொரு பெரியவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வயது. "மிஸஸ் லுண்ட், நான் போகணுமா?"

முப்பத்தொரு வருடத்தில் பிள்ளைகள் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. எல்லாவற்றுக்கும் பட்டென்று பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கும் சொன்னேன்.

"அப்பா வந்திருக்காருல்ல, செல்லம். போயிட்டு வா."

அந்த வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் அவளைத் தூக்கிப் பிக்கப் வண்டியில் உட்கார வைத்து, இறகுகளை ஒதுக்கிவிட்டுப் பெல்ட்டைப் பொறுமையாக மாட்டினான். வண்டியைத் திருப்பும்போதுதான் பின்பக்கம் தெரிந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு மெத்தைச் சுருட்டும், அதன்மேல் ஒரு சின்ன ஊதா நிற சைக்கிளும் இருந்தன.

பல் டாக்டரிடம் போக சைக்கிள் எதற்கு?

வெளியே ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் எவ்வளவு ஓட முடியும்? நான் வாகன நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் அவன் நெடுஞ்சாலையில் ஏறி இடதுபக்கம் திரும்பிவிட்டான். பல் டாக்டர் வலதுபக்கம். இடதுபக்கம் போனால் பதினைந்து நிமிடத்தில் ஆற்றுப்பாலம். பாலத்தைத் தாண்டினால் மினசோட்டா, வேறு மாநிலம், வேறு போலீஸ்.

திரும்பி வந்ததும் ஏன் வில்லாவின் வகுப்புக்குப் போனேன் என்று இப்போதும் தெரியாது. அவளுடைய பையாவது கையில் இருக்கட்டும் என்று தோன்றியிருக்கலாம். வகுப்பில் ஒரே கூத்து. வகுப்பாசிரியை மிஸ் ப்ரூயிட் ஒரு டைனோசருக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலோரக் கூடையில் சிவப்பு உறைகள் அடுக்கியபடியே இருந்தன.

"உறையெல்லாம் பிரிச்சுப் பாத்தியா?"

"இன்னிக்கா? விளையாடுறீங்களா? காலையிலேர்ந்து பத்தொம்பது பேருக்கு முகத்துல சாயம் பூசியிருக்கேன். திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு வச்சிருக்கேன்."

ஏழாவதாக இருந்தது வில்லாவின் உறை. உள்ளே மூன்று பக்கம், மாவட்ட நீதிமன்ற முத்திரையோடு. தேதி வியாழக்கிழமை. மறு விசாரணை வரை, நீதிமன்றம் நியமித்த ஆள் உடன் இல்லாமல் தகப்பன் பிள்ளையைப் பார்க்கவோ அழைத்துச் செல்லவோ கூடாது. மேலே ஒரு மஞ்சள் சீட்டு:

"மிஸஸ் லுண்ட், ஆறாவது குறிப்பில் நீங்கள் கேட்டிருந்தபடி இதை உறையில் வைத்து அனுப்புகிறேன். கதவருகே வந்து தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். டேலுக்கு நேற்று மாலையே நகல் போய்விட்டது. அவர் வந்தால் தயவுசெய்து விடாதீர்கள். நன்றி. கொரீன்."

முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு அந்தத் தாளை அனுப்பினேன். ஒருத்தி படித்திருந்தாள்.

முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. ஒரு போன் போட்டால் குறைந்தா போவாய், பெண்ணே? அந்தக் கோபம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அவள் ஆலைக்குள் போகும் நேரத்தில் இங்கே போன் எடுக்க யார் இருக்கிறார்கள்? நான் வேண்டாம் என்றதைச் செய்யவில்லை, செய் என்றதைச் செய்தாள். இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்வாள்?

கெஸ்லரின் மேசையில் காகிதத்தை வைத்தேன். படிக்கப் படிக்க அவர் முகத்தில் வரைந்திருந்த சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஒன்று ஐம்பதுக்கு ஷெரீஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டார். வண்டி என்ன நிறம், எண் என்ன, பிள்ளை என்ன உடுத்தியிருந்தது?

"ஆந்தை... ஆந்தை வேஷம். பழுப்பு நிறம்" என்றார். மறுமுனையில் என்னவோ கேட்டார்கள். "இருபது நிமிஷம் ஆகப்போகுது" என்றார். மறுபடி ஏதோ கேட்டார்கள். "ஆமா, நாங்கதான் அனுப்பினோம்."

பாலத்துக்கு ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம். இருபது நிமிடத்துக்கு முன்னால் கிளம்பியவன் இதற்குள் பாலத்தைத் தாண்டியிருப்பான், அங்கே தேடி என்ன பயன்? இருந்தாலும் அனுப்பத்தானே வேண்டும். காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன். மறுபடி கொரீனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத பெண் என்று ஏனோ நிச்சயமாகத் தெரிந்தது. வெளியே புல்வெளியில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். முதல் வகுப்பு வரிசை வளைந்து வளைந்து நின்றது. முன்னால் யார் நிற்பது என்று ஒரு பூசணிக்காயும் ஒரு தீயணைப்பு வீரரும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மணி அடித்தது.

திரையில் கொரீன். ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள். வேலையின்போது கூந்தலில் மாட்டும் வலையின் தடம் நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்பே உரிமத்தைக் கேமராவுக்கு நேராக, எழுத்துத் தெரிகிற மாதிரி அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரும் ஒட்டிக்கொண்டு நுழையாமல் இருக்க, திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தினேன். உள்ளே வந்ததும் கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினாள்.

"ஊர்வலம் ஆரம்பிச்சிடலையே? மேஸ்திரி இன்னிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே விட்டுட்டாரு. அவ முன்னாடி நிக்கிறா இல்ல? முந்தாநாள் ராத்திரி வரைக்கும் தைச்சேன், அந்த இறகெல்லாம்..."

"கொரீன்" என்றேன்.

அவள் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்ததும் அவள் தோள்கள் இறங்கின. கவுன்டரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"அப்பாடா, உங்க கைக்கு வந்துடுச்சா" என்றாள். "ரொம்ப நன்றி, மிஸஸ் லுண்ட். ராத்திரியெல்லாம் கண்ணே மூடலை. இனிமே பயமில்லை."