மை காயட்டும்

"அக்கா, ஸ்கேல் நகராமப் புடி. கோடு கோணிடுச்சுன்னா எழுத்தெல்லாம் மேல ஏறிடும்."

மருந்துப் பெட்டியையும் மூத்திரக் குவளையையும் தரையில் இறக்கிவிட்டு, அந்த மேஜையில்தான் தம்பி வெள்ளை அட்டையை விரித்திருந்தான். பக்கத்து அறையில் அப்பா போர்த்திக் கிடந்தார். மூன்று மணிக்கு அமரர் ஊர்தி வரும். அதற்குள் அவர் தலைமாட்டில் வைக்க ஒரு வாசகம் தயாராக வேண்டுமாம்.

தம்பி மூன்று மாதமாகச் செல்போனில் அழகெழுத்து வகுப்பு படிக்கிறான். தினமும் காலையில் ஒரு பொன்மொழி எழுதிப் படம் அனுப்புவான். 'பெற்றோரே முதல் வெளிச்சம்', சுற்றிலும் இலையும் கொடியுமாக. அப்பா அதைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். "வர்றேன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கானா, நல்லாப் பாரு" என்பார். அக்காவும் தேடுவதுபோல் நடிப்பாள்.

"அப்பா கடைசியா என்ன சொன்னாரு?" என்று தம்பி கேட்டான்.

"'அந்தக் குழாய மூடு, தண்ணி வீணாப் போகுது'ன்னாரு. விடியக்கால அஞ்சு மணிக்கு."

அப்பா முப்பத்தெட்டு வருஷம் ஊர்க்குழாய்களையெல்லாம் சரிசெய்தவர். பக்கவாதத்தில் கை விழுந்தபிறகு சொந்த வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்ற முடியவில்லை. வேறு யாரையும் தொட விடவும் இல்லை. அது இப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது.

"விளையாடாதக்கா. அதையெல்லாம் எழுத முடியுமா?"

அவனே ஒரு வாசகம் வைத்திருந்தான். எழுத்துகளை எண்ணி, நடுப் பார்த்து, முதலில் பென்சிலில் லேசாக எழுதினான். பிறகு அதன்மேல் பிரஷ் பேனா. கீழே இறங்கும்போது அழுத்தம், மேலே ஏறும்போது லேசு. நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். அவன் மனைவி செல்போனை உயர்த்திப் படமெடுத்தாள்.

"நிழல் விழுது அண்ணி, கொஞ்சம் தள்ளிக்கங்க."

அக்கா தள்ளி நின்று படித்தாள். 'என் மகனைப் பார்த்துவிட்டேன். இது போதும்.' கீழே பொடி எழுத்தில், 'அப்பாவின் கடைசி வார்த்தைகள்.'

பதினோரு மாதம் அப்பாவுக்குப் பீ அள்ளியபோது வராத குமட்டல், இந்த மை வாசனையில் வந்தது. சீ, இப்படியும் ஒரு பிறவியா!

"நீ எத்தன மணிக்குடா வந்த?"

"பதினொண்ணு."

"அப்பா எத்தன மணிக்குப் போனாரு?"

"நாலு பேர் வர்ற நேரத்துல இதெல்லாம் எதுக்குக்கா? அவர் மனசுல இருந்ததத்தான எழுதியிருக்கேன்."

அவள் ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

தம்பி ரப்பரை அவள் கையில் வைத்தான். "நாங்க துணி மாத்திட்டு வந்துடறோம். நீ அந்தப் பென்சில் கோட்ட மட்டும் அழிச்சுடு. ஆனா அரை மணி நேரம் மை காயட்டும். காயறதுக்குள்ள ரப்பர் வச்சா எல்லாம் ஈஷிக்கும். ஆரம்பத்துல எல்லாரும் பண்ற தப்பு அது."

இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

அவள் ரப்பரை 'மகனை'யின் மேல் வைத்தாள். பாத்திரத்தில் அடிப்பிடித்ததைத் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு இழுபட்டுக்கொண்டு அட்டையின் விளிம்புவரை போயிற்று. அடுத்த வரியையும் விடவில்லை. ரப்பர் போதாமல் உள்ளங்கையாலும் தேய்த்தாள்.

"ஐயையோ! என்னக்கா பண்ணித் தொலச்ச?" வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான் தம்பி. மனைவியைப் பார்த்தான். "வேற அட்ட இருக்கா?"

"ஒண்ணுதானேங்க எடுத்துட்டு வந்தோம்."

"நானும் ஆரம்பம்தானடா" என்றாள் அவள். "எல்லாரும் பண்ற தப்புதானாமே."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அட்டையை மெல்லக் கவிழ்த்து வைத்தான்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் அடுப்படிக்குப் போய்க் கை கழுவினாள். மை லேசில் போகவில்லை. போனவரை போதுமென்று குழாயை இரண்டு கையாலும் முறுக்கி மூடினாள். சொட்டு நின்றதா என்று குனிந்து பார்த்துவிட்டு, அப்பா இருந்த அறைக்குப் போனாள்.