கடைசிப் பக்கத்துப் பெயர்

அண்ணனின் உடல் கிடந்த சந்தூக்கைத் தோளிலிருந்து பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கி நிமிர்ந்தபோதுதான் முனாப் அந்த அம்பாசிடரைப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. புரொபசர் கிருஷ்ணப்பன் இறங்கினார். திருச்சியிலிருந்து வருகிறார். வந்துட்டாரய்யா மகராசன்!

அவருக்குத் தந்தி அடித்ததே அவன்தான். நேற்று ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணன் அப்துல் கனி கேட்டது அது ஒன்றுதான்.

"சாருக்குச் சொல்லி உட்ருடா. வந்தா அவரை எதுவும் கேட்டுறாத."

விடிகாலையில் அண்ணன் போய்விட்டார்.

அப்துல் கனி தர்மபுரியில் ஒரு காலேஜில் கணக்கு லெக்சரர். அவருடைய ஆராய்ச்சிக்கு அல்ஜீப்ராயிக் டோபாலஜி என்று பெயர். அதைத் தம்பிக்கு விளங்கவைக்க, தொப்பூரில் அவன் பஞ்சர் கடைக்கே ஒருதரம் வந்து உட்கார்ந்தார். ஒரு லாரி டியூபைத் தூக்கிக் காட்டினார்.

"இதை எப்படி வேணா இழு, நசுக்கு, கிழிக்காத வரைக்கும் நடுவுல ஒரு ஓட்டைதான். அப்படி ஓட்டைங்களை எண்ணறதுதான்டா என் வேலை."

"அதைத்தானண்ணே நானும் பண்றேன். எனக்குக் கூலி தர்றாங்க. உங்களுக்கு?"

"பேரு போடுவாங்கடா."

நம் கணக்கை எடுத்து அதன்மேல் கட்டுகிறவன், தன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நம் பெயரைப் போடுவானாம். யார் யாருடைய பெயரைப் போட்டார்கள் என்று வருஷா வருஷம் தடித்தடியாகப் புத்தகம் வருமாம். அந்தப் புத்தகம் பெங்களூரில் ஒரு லைப்ரரியில் இருந்தது. தெரிந்த லாரியாகப் பார்த்து முனாப் அண்ணனை ஏற்றி அனுப்புவான். மறுநாள் வேறொரு லாரியில் வந்து இறங்கி, "இந்த வருசமும் இல்லடா" என்று சிரிப்பார். அதில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறதோ!

கிருஷ்ணப்பன் பெயர் மட்டும் அந்தப் புத்தகத்தில் பத்தி பத்தியாக வந்தது. ரஷ்யாக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் போட்டிருந்தான். எண்பத்தொன்றில் வந்த ஒரே கட்டுரைக்காக. அந்தக் கட்டுரையின் முதுகெலும்பே அண்ணன் அவரிடம் மாணவராக இருந்தபோது போட்டுக் கொடுத்த கணக்குதான். கடைசிப் பக்கத்தில்கூட அண்ணன் பெயர் இல்லை. போன வருஷம் தம்பியிடம் இதைச் சொன்னபோதும் அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. "கணக்கு சரின்னு ஆயிருச்சில்ல, அது போதும்" என்றார். முனாப்தான் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துபோனான்.

தொழவைக்கும் ஹஜ்ரத் கையைக் காட்டினார். ஜனாஸா தொழுகைக்கு முன்னால், இறந்தவர் பட்ட கடனைப் பற்றி மய்யித்தின் வீட்டுக்காரர் எழுந்து கேட்பது வழக்கம். முனாப் கேட்டான்.

"எங்கண்ணன் யாருக்காச்சும் ஏதாச்சும் தர வேண்டியிருந்தா எங்கிட்டக் கேளுங்க. யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க."

அத்தோடு வரிசையில் போய் நிற்க வேண்டியவன்தான். கண் கேட்டுப் பக்கம் போனது.

"அவருக்கு யாராச்சும் எதாச்சும் தர வேண்டியிருந்தாலும், இங்கயே சொல்லிருங்க."

"முனாப், அதெல்லாம் கேக்கற பழக்கம் இல்லப்பா" என்றார் ஹஜ்ரத்.

"இன்னிக்குக் கேக்கறேங்க."

கூட்டத்தைத்தான் கேட்டேன், அவரைக் கேட்கவில்லை என்று அண்ணனுக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டான். கிருஷ்ணப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"ஹோமாலஜியில எம்பேர்ல ஒரு தியரம் இருக்குங்க. அதுல மூணாவது லெம்மாதான் உயிர். அது நான் போட்டதில்ல. கனி போட்டது."

சொல்லிவிட்டார்! முனாப் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். புளி வியாபாரிகள், லாரி டிரைவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள். யாரோ ஒருவர் "ஆமீன்" என்றார். பின்னாலிருந்து ஜவுளிக்கடை அன்வர் பாஷாவின் குரல் கேட்டது.

"எவ்வளவு பெரிய மனுசன் பாருங்க! தன் பேரையே விட்டுக்குடுத்துப் பேசறாரு."

பள்ளிவாசலுக்குப் பின்னாலேயே கபர் தோண்டியிருந்தது. அடக்கம் முடிந்தது. ஆளுக்கு மூன்று பிடி மண். வெளியே வரும்போது நாலைந்து பேர் கிருஷ்ணப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முனாப் கார் அருகே போய் நின்றான்.

"சார், உள்ள சொன்னதை எழுதிப் போடுங்க. அந்த ரஷ்யாக்காரனுக்கும் தெரியட்டும்."

"அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டனே, முனாப்."

"இங்க யாரு சார் கடைசிப் பக்கம் எழுதறவங்க? நானா, அன்வர் பாஷாவா?"

அவர் அவன் தோளைத் தட்டினார். அழுது முடித்து, லோடு இறக்கிய வண்டி மாதிரி லேசாகியிருந்தார்.

"பாக்கலாம்ப்பா" என்று ஏறி உட்கார்ந்தார்.

பின்சக்கரம் லேசாக அமுங்கியிருந்தது. டிரைவர் கவனிக்கவில்லை. முனாப்புக்குப் பார்த்ததுமே தெரிந்தது, ஆணி. தொப்பூர் கணவாய் இறக்கம் வரைக்கும் தாங்கும். அங்கே தாங்காது. அந்த வளைவில் உருண்டு கிடந்த எத்தனை வண்டிகளுக்கு அவன் டயர் கழற்றியிருக்கிறான்! போகட்டும், எனக்கென்ன என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

கார் நகர்ந்தது.

"சார்! நிறுத்துங்க! நிறுத்துய்யா வண்டிய!"

ஓடிப்போய் கதவைத் தட்டினான். கண்ணாடியை இறக்கிய டிரைவரிடம் மூச்சிரைக்கச் சொன்னான்.

"பின்னாடி டயர்ல ஆணி இருக்கு. ஜாக்கி வெச்சிருக்கறயா?"

கை முழுக்க கபர் மண். வேட்டியில் துடைத்துக்கொண்டு சக்கரத்தருகே குந்தினான்.