மூன்றாம் தொட்டி

"தண்ணி காய நாப்பது நிமிஷம்னா நாப்பது நிமிஷம்தான்டி. பத்து வருஷமா அப்படித்தான். இன்னும் ரெண்டு நிமிஷத்துல என்ன குடி முழுகிடப் போகுது?" அக்கா டீயை ஊதினாள்.

"எந்தத் தொட்டிக்கா?"

"மூணாவது."

"அதுல தண்ணி இல்லக்கா. காலைல நீ வர்றதுக்கு முன்னாடி எண்ணெய் நிரப்பிட்டேன். துருப் பிடிக்காம இருக்க, சாமானை முக்கி எடுக்க."

அக்காவின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

எங்கள் பட்டறையில் வெப்பமானி கிடையாது. கடிகாரம்தான். நாற்பது நிமிடத்தில் தண்ணீர் தொண்ணூறு டிகிரிக்கு வரும். "தண்ணி உங்க அத்தான் மாதிரி, எவ்வளவு திட்டினாலும் மெதுவாத்தான் சூடாகும். எண்ணெய் உன்னை மாதிரி, ஒரு வார்த்தை போதும்" என்று சிரிப்பவளே அக்காதான். அதே தொட்டி அளவு எண்ணெய்க்குப் பதினாறு நிமிடம் போதும். முப்பத்தெட்டு நிமிடத்தில் அது நூற்று எழுபதையும் தாண்டியிருக்கும். எண்ணெய் ஊற்றியதைச் சொல்ல மறந்தவள் நான்.

அக்கா பாய்ந்து அந்தத் தொட்டியின் ஹீட்டர் சுவிட்சை அணைத்தாள். அணைத்து என்ன பயன்? ஏறிய சூடு உடனே இறங்கிவிடுமா?

"அத்தான் எங்கக்கா?"

"உள்ள. அலசின சாமான் கூடையை மூணாவதுல இறக்க."

அலசிய கூடை என்றால் ஈரக் கூடை. கொதிக்கும் எண்ணெயில் ஈரம் விழுந்தால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, எண்ணெயை அள்ளி முகத்தில் வீசும்.

முற்றத்தைக் கடந்து ஓடினேன். இரும்புக் கதவைத் தள்ளினேன். மற்ற தொட்டிகளின் ஆவியோடு ஆவியாக மூன்றாம் தொட்டியிலிருந்து நீலப் புகை எழுந்துகொண்டிருந்தது. அதையும் ஆவி என்றே நினைத்திருப்பார் அத்தான். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். காதில் இரைச்சலைத் தடுக்கும் மூடி. கப்பியில் தொங்கிய கூடையின் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார். கூடையின் அடியில் துளிகள் திரண்டு நின்றன.

கத்தினேன். கேட்கவில்லை. ஒரு துளி விழுந்தது. தொட்டி சடசடவென்று பொரிந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் சிரித்தார். நான் சொல்வதைக் கேட்க வேண்டுமே என்று, காதுமூடியைக் கழற்ற ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்தார். கூடை ஒரு சாண் சரிந்தது.

"அத்தான், இன்னொரு கையை எடுத்துடாதீங்க, உங்களைக் கும்பிடறேன்..."