திரும்பி வந்த பீப்பாய்

எய்னோவின் உடல் கிடைக்கவே இல்லை. குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசையோடு, பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவன். வசந்தம் வந்தது, கோடையும் போயிற்று. இனிக் காத்திருந்து பயனில்லை என்று அவன் அக்கா சில்வி ஒரு சனிக்கிழமை மாலை நினைவு விருந்துக்கு எல்லோரையும் அழைத்தாள். "அவன் பக்குவத்துலயே பீர் காய்ச்சிக் கொண்டா, ஆர்விட்" என்று எய்னோவின் நண்பனிடம் மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஆர்விட் காய்ச்சினான். ஆனால் புளித்து அடங்கத் தாமதமாகிவிட்டது. விருந்தன்று மதியம் பீப்பாயில் இருந்தது குமிழே இல்லாத செத்த பீர். குமிழ் தரும் கேஸ் சிலிண்டரின் குழாயைச் செருகிக் குளிர்பெட்டியில் வைத்தால் கேஸ் தானாக ஏற இரண்டு வாரம் பிடிக்கும். அவசரத்துக்கு ஒரே வழிதான். நன்றாகக் குளிர்ந்த பீப்பாயைத் தரையில் படுக்கப்போட்டு, கேஸின் அழுத்தத்தைக் கூட்டித் திறந்துவிட்டு உருட்ட வேண்டும். உருள உருள பீர் கேஸைக் குடிக்கும்.

இதுவரை அதை எய்னோவோடு சேர்ந்துதான் செய்திருக்கிறான். கராஜில் காலை நீட்டி எதிரெதிரே உட்கார்ந்து, இவன் உதைக்க அவன் திருப்பி உதைக்க, ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்ப்பார்கள்.

இன்று தனியாக உட்கார்ந்து, காலால் தள்ளிவிட்டான். பீப்பாய் களகளவென்று கேஸை இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவர் நோக்கி உருண்டது. சுவரைத் தொடவில்லை. ஒரு முழம் முன்னாலேயே நின்றது. பிறகு திரும்பி வந்தது.

தரை வாட்டம் என்று நினைத்தான். ஓங்கி உதைத்தான். போன வேகத்திலேயே திரும்பி வந்து பாதத்தில் முட்டியது. குழாய் முறுக்கி இழுக்கிறதோ என்று பார்த்தான். அது தளர்ந்துதான் கிடந்தது. அலமாரியிலிருந்து ஒரு கோல்ஃப் பந்தை எடுத்துத் தரையில் வைத்தான். பந்து மெல்ல நகர்ந்து, அவனை விட்டு விலகி, எதிர்ச்சுவர்ப் பக்கம் போயிற்று.

வாட்டம் அந்தப் பக்கம்தான். ஆர்விட்டுக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

"டேய் எய்னோ, விளையாடாத" என்றான் சிரிக்க முயன்று.

பீப்பாய் முன்னிலும் வேகமாக வந்தது. சீண்டினால் எய்னோ அப்படித்தான் உதைப்பான். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. கால் என்னவோ பழக்கத்தில் திருப்பித் தள்ளியது.

"சில்வி உன் படகை வித்துட்டாடா. கோவிச்சுக்காத. வச்சுப் பாக்க அவளால முடியல."

பீப்பாய் எதிர்ப்பக்கம் போய் வெகுநேரம் நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பி வந்தது.

வீட்டுப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு மனைவி லோர்னா எட்டிப் பார்த்தாள். "யார்கிட்ட பேசிட்டிருக்க?"

"பீர்கிட்ட."

"அது என்ன சொல்லுது? நீ ஒத்தையா உருட்டி முடிக்கறதுக்குள்ள விருந்தே முடிஞ்சிடும். இரு, நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்."

"அங்க உக்காராத!"

அவன் போட்ட சத்தத்தில் அவள் நடுவிலேயே நின்றுவிட்டாள். "ஏன், ஆள் இருக்கா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அறுந்தது. இரண்டு பேருமே தொடாத பீப்பாய் சுவர்ப் பக்கம் போய், அங்கிருந்து அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

லோர்னா சுவரோரமாகவே ஒட்டி நடந்து போய் சிலிண்டரின் திருகை மூடினாள். களகளப்பு அடங்கியது. பீப்பாய் ஆர்விட்டின் பாதத்தில் வந்து சாய்ந்து, அந்தப் பக்கம் இன்னொரு கால் இருப்பதுபோல அழுத்திக்கொண்டே இருந்தது. அவன் காலை எடுக்கவில்லை. அழுத்தம் தானாகத் தளரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

விருந்தில் பீர் வெள்ளை வெளேரென்று நுரைத்தது. இவ்வளவு நல்லா வந்ததே இல்லை என்று பாராட்டாதவர் கிடையாது. சில்வி மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை முகர்ந்தாள்.

"ஏரி வாடை அடிக்குதே, உனக்குத் தெரியலையா?" என்றாள் மெல்ல.

தெரிந்தது. ஆர்விட் தன் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். லோர்னா தொடவே இல்லை.

திரும்பும் வழியில் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இனிமே அதை உருட்டாத" என்றாள் அவள்.

"மாட்டேன்."

சொன்னபடியே இருந்தான். ஆனால் குளிர்காலத்துக்கு விறகு வந்து இறங்கியபோது, கராஜின் அந்தச் சுவரோரத்தில் அடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. லோர்னாவும் அடுக்கச் சொல்லவில்லை.