அமைச்சரின் மூக்கும் ஒரு கல்லூரி சீட்டும்

சகலமானவர்களுக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், நாட்டின் மானம் இன்று காலை காப்பாற்றப்பட்டுவிட்டது. அமைச்சரின் மூக்கைக் கிண்டல் செய்த கேலிச்சித்திரம் இனி எந்தக் குடிமகனின் கண்ணிலும் படாது.

காப்பாற்றியவர் இணையக் கண்காணிப்புத் துறை இயக்குநர். படத்தை மட்டும் தூக்கத் தெரியாததால், அது இருந்த சர்வரையே மொத்தமாக முடக்கினார்.

மதியம் மனைவி போன் செய்தார்.

"என்னங்க, பொண்ணோட காலேஜ் வெப்சைட் தொறக்கவே மாட்டேங்குது. சாயந்திரத்துக்குள்ள சீட்டை உறுதி பண்ணலைன்னா வேற யாருக்கோ போயிடுமாம்."

கல்லூரியும் அதே சர்வரில்தான் குடியிருந்தது. முடக்குவதற்கு இயக்குநர் கையெழுத்து போதும். விடுவிப்பதற்குக் குழு கூட வேண்டும். குழுவோ அடுத்த மாதம்தான் கூடும்.

வீட்டுக்கு ஓடினார். மனைவியின் தம்பி அதற்குள் வந்து லேப்டாப்பில், முடக்கிய தளத்தையும் திறக்கவைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டிருந்தான். மொபைல் கடைக்காரன், ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் போட்டுக் கொடுக்கிறான்.

"வாங்க மாமா. நீங்க பூட்டு போடப் போட என் கடையில கூட்டம் தாங்கல."

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடா."

"வாயை மூடுறது உங்க டிபார்ட்மென்ட் ஆச்சே!"

தளம் திறந்தது. மகள் பாய்ந்து விண்ணப்ப எண்ணை அடித்தாள். 'உறுதி செய்' என்ற பொத்தான் வரவேண்டிய நேரத்தில் திரை உறைந்தது. வீட்டிலிருந்த எல்லா மொபைல்களிலும் இணையம் செத்தது.

இயக்குநருக்கு விஷயம் புரிந்தது. விபிஎன் போட்ட வீட்டில் இணையத்தை ஒட்டுமொத்தமாக வெட்டு என்பது போன வாரம் அவரே போட்ட உத்தரவு. பேச மட்டும் முடிந்ததால் கண்காணிப்பு அறையைக் கூப்பிட்டார்.

"யோவ், அது என் வீடுய்யா! லைனை விடு!"

"பெரிய அதிகாரி வீடுன்னு சொல்லுவாங்க, நம்பாதேன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க."

"சொல்றது நான்யா! என் குரல் தெரியலையா?"

"குரலை மாத்தியும் பேசுவாங்கன்னு எழுதியிருக்கீங்க சார். நாளைக்கு நேர்ல வாங்க. அடையாள அட்டையோட."

"மாமா, உங்க ஆளுங்க பிரமாதமா வேலை பார்க்குறாங்க" என்றான் மச்சான்.

"அப்பா, தயவுசெஞ்சு நீங்க எதுவும் பண்ணாதீங்க" என்று கத்திவிட்டு, மகள் அவனை இழுத்துக்கொண்டு அவன் வண்டியிலேயே அவன் கடைக்குப் பறந்தாள். சாலை நெரிசலில் அடைத்துக் கிடந்தது; போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கடையில் நின்றவர்கள் மொபைலில் அமைச்சரின் மூக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உத்தரவில் 'வீடு' என்றுதான் இருந்தது, 'கடை' என்று இல்லை; அங்கே தளம் உடனே திறந்தது. சீட் போய்விட்டிருந்தது.