ஐயா சொல்லச் சொல்ல

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் இருந்தவர்கள், பேராசிரியரையும் சேர்த்து, ஐந்து பேர். மின்விசிறிக்கு நேர் கீழே முதல் பெஞ்சில் ஈஸ்வரி. அவளுக்கு இடப்பக்கம், சாப்பாட்டுப் பையை நடுவில் வைத்துக்கொண்டு கிறிஸ்டினா. ஜன்னலோரத்தில், லாரிகள் திரும்புவதைப் பார்க்கத் தோதாக அன்புராஜ். கடைசி பெஞ்சில், சுவரில் தலை சாய்க்க வசதியாக, ராத்திரி ஷிப்டு முடித்து நேரே வந்திருந்த சின்னதுரை. எதிரே, மேசைக்குப் பின்னால், மடித்த துண்டு போட்ட நாற்காலியில் முனைவர் சந்திரமோகன். பதிவேட்டில் பதினொரு பேர் இருந்தார்கள். மற்ற ஏழு பேரும் வராமலே வருகை வாங்கும் வழி தெரிந்தவர்கள். நான்கு பேரைக் காட்டிலும் அவர்களே இலக்கியம் அதிகம் கற்றவர்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருந்தது பல்கலைக்கழகத்தின் வார இறுதி மையம். வேலைக்குப் போகிறவர்கள் சனி, ஞாயிறுகளில் தமிழ் எம்.ஏ. படிக்கலாம் என்பது ஏற்பாடு. சந்திரமோகன் ஐயா அங்கே பதினான்கு வருடமாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நடத்தினார் என்று சொல்ல முடியாது, சொன்னார், அவ்வளவுதான். பிளாஸ்டிக் உறை போட்ட பழுப்பு நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அவர் மாணவராக இருந்த காலத்தில் அவருடைய பேராசிரியர் சொல்ல, இவர் எழுதிக்கொண்டது. அதைத் திறப்பார், படிப்பார். இவர்கள் எழுதுவார்கள். மணி அடித்தால் விரலை வைத்து மூடுவார். கரும்பலகை ஒன்று இருந்தது. அதன் மேல் ஐயா குடையை மாட்டுவார்.

எதை எழுதுவது, எதை விடுவது என்று முதலில் இவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. முதல் தேர்வில் அந்தக் கணக்கு உடைந்தது. கிறிஸ்டினா "ஆகவே அன்பர்களே" என்பதை விட்டுவிட்டாள்; நான்கு மதிப்பெண் போயிற்று. ஈஸ்வரி பயத்தில் எல்லாவற்றையும் அப்படியே இறக்கினாள்; "மீதியை அடுத்த வாரம் பார்ப்போம்" என்பதும் விடைத்தாளுக்குள் போய்விட்டது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் விழுந்தது. இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. அன்றிலிருந்து வகுப்பில் யாரும் ஒரு சொல்லையும் விடுவதில்லை. ஐயா வாயிலிருந்து வந்தால் அது பாடம்.

அன்புராஜ் மட்டும்தான் இந்த வழிக்கு வராதவன். ஆரம்பாக்கத்துக்காரன், இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. நெய்தல் திணை பற்றிக் கட்டுரை கேட்டபோது, பாட்டில் கடலைப் பார்த்து நிற்கும் பெண்ணையும், ஆரம்பாக்கம் முக்கு ரோட்டில் கம்பெனி பஸ்ஸைப் பார்த்து நிற்கும் தன் அண்ணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினான். ஐயா ஆறு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் "கம்பெனி பஸ் பாடத்திட்டத்தில் இல்லை" என்று எழுதினார். அகமதிப்பீட்டில் பத்துக்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. மறுபடியும் ஒரு வருடம், அதே ஐயா, அதே நோட்டு. அன்புராஜுக்கு இது அந்த இரண்டாவது வருடம். "அந்தாளு சொந்தமா எழுதினதே அந்த ஒரு வரிதான், நான்தான் எழுத வச்சேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அந்தச் சனிக்கிழமை ஐயா வழக்கத்துக்கு மாறாகச் சிரித்துக்கொண்டே வந்தார். பல்கலைக்கழகம் சிறந்த ஆசிரியர் விருது கொடுக்கப்போகிறது. அவர் பெயரும் போயிருக்கிறது. விதி என்னவென்றால், அவருடைய கற்பித்தலைப் பற்றி மாணவர்கள் தங்கள் அனுபவத்தைத் தங்கள் சொந்தச் சொற்களில் எழுதி, அவர்களே தபாலில் அனுப்ப வேண்டும். நகல் ஒன்று பேராசிரியருக்கும் வரும்.

"சொந்தச் சொற்கள்," என்று ஐயா நோட்டைத் திறந்தார். "எழுதிக்கொள்ளுங்கள்."

நான்கு பேனாவும் குனிந்தன.

"எங்கள் பேராசிரியரின் வகுப்பு ஒரு தமிழ்ச் சோலை. நாங்கள் அங்கே தேனுண்ணும் வண்டுகள். குறிப்பேட்டைப் பார்த்து அவர் பாடம் நடத்தி நாங்கள் கண்டதே இல்லை." பக்கத்தைத் திருப்பினார். "மாணவர்களின் கேள்விகளுக்குத் தாயினும் சாலப் பரிந்து..."

அவர் போன் அடித்தது. எடுத்தார்.

"சொல்லுப்பா. பிளாட்டா? ரோட்டு மேலயே இருக்கணும், உள்ள தள்ளி இருந்தா வேணாம். இல்ல இல்ல, பேசலாம், கிளாஸ்ல தான் இருக்கேன். யாரும் இல்ல, சும்மா நாலு கம்பெனி ஆளுங்க. சொல்லு."

ஐந்து நிமிடம் பேசினார். பிறகு மிச்சக் கடிதத்தையும் சொல்லி முடித்து, கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். "ஈஸ்வரி, உன் கையெழுத்துதான் லட்சணம். வாசி, கேட்போம்."

ஈஸ்வரி எழுந்து நின்றாள். பொன்னேரி அரசுப் பள்ளியில் படித்தவள். எழுந்து நின்று வாசிப்பதுதான் முறை. நிறுத்தி, நிதானமாக வாசித்தாள். சோலை வந்தது, வண்டு வந்தது. "தாயினும் சாலப் பரிந்து" முடிந்த கையோடு, குரல் மாறாமல், "சொல்லுப்பா. பிளாட்டா? ரோட்டு மேலயே இருக்கணும்" என்று போனாள். "யாரும் இல்ல, சும்மா நாலு கம்பெனி ஆளுங்க" என்ற இடத்தில்தான் ஐயா கண்ணைத் திறந்தார்.

"இதையுமா எழுதினே?"

"ஐயா சொன்னீங்களே ஐயா."

அவள் குரலில் ஒரு துளி குறும்பு இல்லை. இருந்திருந்தால் ஐயாவுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அவர் எட்டிக் கிறிஸ்டினாவின் நோட்டை இழுத்துப் பார்த்தார். பிளாட் அதிலும் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த சின்னதுரையின் நோட்டிலும் இருந்தது. அவன் கை மட்டும் விழித்திருந்திருக்கிறது. ஜன்னலோரத்தில் அன்புராஜ் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான்.

"சிரிக்கிறாயா? அறிவு கெட்டதுங்க! மெஷின்தான் உங்களுக்கு லாயக்கு." ஐயா குடையை எடுத்தார். "ஈஸ்வரி, தேவையில்லாததை நீக்கி நல்லபடி எழுதி, நாலு பேர் கையெழுத்தும் வாங்கித் திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடு. நகல் என் கைக்கு வந்த பிறகுதான் மார்க் பட்டியலில் கை வைப்பேன். ஒரு கையெழுத்து குறைந்தாலும் நாலு பேருக்கும் ஒற்றை இலக்கம்தான்."

ரயிலுக்கு நேரம் இருந்தது. ஈஸ்வரி பொன்னேரிக்கும், கிறிஸ்டினா வள்ளூர்ப் பக்கமும் போக வேண்டியவர்கள். பஸ்ஸுக்குப் போகவேண்டிய அன்புராஜும் டீ குடிக்க ஸ்டேஷன்வரை கூடவே வந்தான். சின்னதுரை வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டான்.

"இன்னா ஈஸ்வரி, எழுதிக் குடுத்துடப் போறியா?" என்றான் அன்புராஜ்.

"வேற இன்னா பண்றது? ஜூன்ல பொன்னேரி பிரைவேட் ஸ்கூல்ல தமிழ் டீச்சர் வேல காலியாவுது. பி.எட். கையில கீது. இந்த எம்.ஏ. ஒண்ணுதான் பாக்கி. மார்க்கு போச்சுன்னா வேல போச்சு. கம்பெனில என் கான்ட்ராக்டும் மே மாசத்தோட முடியுது."

"அப்ப எழுது. வண்டு, தேனு எல்லாம் போடு. நான் கையெழுத்து போடமாட்டேன்."

"ஏன்டா பேஜாரு பண்ற?" என்று கிறிஸ்டினா சீறினாள். "ஒரு கையெழுத்துதானே! மாசம் பொறந்தா கம்பெனில சம்பளச் சீட்டப் படிச்சா பாத்து கையெழுத்து போடற?"

"நாலு கம்பெனி ஆளுங்கன்னு சொல்றான், கேட்டுக்கினு வந்துட்ட."

"பின்ன நாம இன்னா கலெக்டருங்களா? உள்ளதச் சொன்னாரு. உனக்குத்தான் பொத்துக்கினு வருது."

அன்புராஜ் அவளை விட்டுவிட்டு ஈஸ்வரி பக்கம் திரும்பினான். "ஒண்ணு கேக்கறேன். டீச்சராயி அந்தப் புள்ளைங்களுக்கு இன்னா நடத்துவ?"

"பாடந்தான்."

"எது, உன் நோட்ல கீற பாடமா? நீ சொல்ல, அதுங்க எழுதும். நல்லாக் கீது. வண்டு குஞ்சு பொரிக்குது."

ஈஸ்வரிக்குச் சுள்ளென்று வந்தது. "ரெண்டு வருசமா ஒரே கிளாஸ்ல குந்திக்கினு கீறவன் எனக்கு வந்து சொல்றான்" என்றாள். ரயில் வந்துவிட்டதால் அவனுடைய பதில் அவளுக்குக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயாவுக்கு வெளியூரில் சொற்பொழிவு, வகுப்பில்லை. காலை நாஷ்டாவை முடித்துவிட்டு ஈஸ்வரி வெள்ளைத்தாள், அடிமட்டம், பேனா எல்லாம் எடுத்து வைத்து உட்கார்ந்தாள். எதையும் முறையாகச் செய்வாள். தெருவில் ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் மனு எழுத அவளிடம்தான் வருவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் எழுதினாள். "தமிழ்ச் சோலை" வரைக்கும் போனாள். அங்கே பேனா நின்றது.

அன்புராஜ் சொன்னதை எண்ணி இல்லை, அவனைப் பொய்யாக்கத்தான் அவள் நோட்டுகளை இறக்கினாள். இருநூறு பக்க நோட்டு ஆறு. நாளைக்கே ஒன்பதாம் வகுப்பு முன்னால் நிற்கச் சொன்னால் சொல்ல ஏதாவது இருக்காதா? பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தேடினாள். நெய்தலுக்கு மட்டும் நாற்பத்திரண்டு பக்கம். நிலம் இருந்தது, பூ இருந்தது, பறவை இருந்தது, பறை இருந்தது. சிறப்புகள் பன்னிரண்டு, அதற்கு மேல் பெருமைகள் ஒன்பது. பாட்டு இல்லை. அடுத்த நோட்டிலும் இல்லை. பாட்டு வர வேண்டிய இடத்திலெல்லாம், அவளுடைய லட்சணமான கையெழுத்தில், "பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இருந்தது.

அவள் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்காமலே இருபத்து நான்கு வாங்கியிருந்தாள்.

மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐயாவைத் திட்டுவது சுலபமாக இருந்தது. மனசுக்குள் டயர் கடைக்காரன் பாஷையிலேயே திட்டினாள். ஆனால் ஐயா ஏமாற்றினார் என்றால், கையைக் கட்டிக்கொண்டு ஏமாந்து, அதற்கு மார்க்கும் வாங்கிச் சந்தோஷப்பட்டது யார்? பாட்டுப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தாள். வாங்கிய நாளில் போட்ட அட்டை மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. நெய்தல் பாட்டு ஒன்றை மூன்று முறை வாசித்தாள். முதல் முறை ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது முறை, அன்புராஜுடைய அண்ணி ரோட்டில் நிற்பது தெரிந்தது.

வேறு தாள் எடுத்தாள்.

"பொருள்: பேராசிரியர் முனைவர் சந்திரமோகன் அவர்களின் கற்பித்தல் பற்றிய மாணவர் அனுபவம். ஐயா, சொந்தச் சொற்களில் எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகள் அவரிடம் பயின்றதில் எனக்குச் சொந்தச் சொற்கள் அதிகம் மிஞ்சவில்லை. இருப்பதைக் கொண்டு எழுதுகிறேன். நான் பயின்ற இரண்டு ஆண்டுகளில் வகுப்பில் ஒரு பாட்டுகூட வாசிக்கப்படவில்லை. பாட்டை வாசித்து எழுதிய ஒரே மாணவர் தேர்ச்சி பெறாமல் இன்னும் எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். வாசிக்காத நான் வகுப்பில் முதல் மாணவி. இதைக்காட்டிலும் சான்று வேண்டுமானால் ஆறு நோட்டுகளையும் அனுப்பத் தயார்."

ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டாள். மனு நீளக்கூடாது என்பது அவள் கொள்கை.

திங்கட்கிழமை காலை பொன்னேரி தபால் ஆபீஸ் வாசலில் கிறிஸ்டினாவும் சின்னதுரையும் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். அன்புராஜ் சண்டை போடத் தயாராக வந்திருந்தான். கிறிஸ்டினா கடிதத்தைப் பாதி படித்ததுமே அனலைத் தொட்டவள் போலத் தாளை நீட்டினாள்.

"ஐயோ சாமி! என்னை வுட்டுடு. எழுதினது அத்தனையும் நெசம். அதான் வேணாங்கறேன்."

சின்னதுரை, "என் பேர் இதுல எங்கயும் இல்லியே?" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்ததும், "சூப்பரா கீதுக்கா" என்றான்.

"யாரும் போட வேணாம்" என்றாள் ஈஸ்வரி. "நான் மட்டுந்தான் எழுதினேன், உங்களுக்குத் தெரியாதுன்னு கீழ போட்டிருக்கேன். அதுக்கப்புறம் உங்க மார்க்குல கை வச்சா, பல்கலைக்கழகத்துக்கு அவர்தான் பதில் சொல்லணும்."

அன்புராஜ் தாளை வாங்கினான். அந்த வரியை அடித்துவிட்டு, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான். "போன வருஷம் ஆறு. இந்த வருஷம் அதுவும் போனா போவுது. அடிச்ச எடத்துல நீ ஒரு சின்ன கையெழுத்து போடு, இல்லன்னா செல்லாது."

"எனக்கே சொல்லித் தர்றான் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே, "கையெழுத்திடாத மற்ற இருவருக்கும் இது தெரியாது" என்று ஓரத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

உறையை ஒட்டுவதற்கு முன்னால், தனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். எம்.ஏ. முடிவு இந்த ஜூனில் வராமல் போகலாம், ஒரு வருடம் தள்ளலாம் என்றாள்.

"அப்ப வேற ஆளப் பாத்துக்கறேம்மா. பசங்க காத்துக்கினு இருக்க முடியாதில்ல?"

"சரிங்க மேடம்."

"திடீர்னு இன்னா ஆச்சு?"

"பாடம் முடியல மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பசை டப்பாவில் பசை காய்ந்து மேலே ஏடு கட்டியிருந்தது. குச்சியால் குத்தி, அடியிலிருந்து எடுத்து, உறையின் ஓரம் முழுக்கச் சீராகத் தடவி, மடித்து, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். கவுண்டரில் இருந்தவர் அதை எடை போட்டு, முகவரியை ஒருமுறை வாய்விட்டு வாசித்து, சரிதானா என்று கேட்டார். சரி என்றாள். அவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த சாக்குப்பைக்குள் போட்டார்.